பூமிக்கு வாங்கிய சிகரெட்

ஆகஸ்ட் முதல் தேதிக்கான சிகரெட்டுகளை நானே கடைக்குப் போய் வாங்கி வந்தேன். அதில் யாரும் குறை சொல்ல முடியாது. அன்று தொடங்கி எங்கள் மலை மேட்டுநிலத்தில் வீடு வீடாக முற்றத்தில் குழி திறப்பார்கள். ஆகஸ்டோடு முடியும் எங்கள் குளிர்காலம் முழுக்கப் பசியோடு கிடந்த பூமித்தாய் பச்சமாமாவுக்குக் கறிக்குழம்பும் சோள மதுவும் நாங்கள் மெல்லும் கோக்கா இலையும் அந்தக் குழி வழியே ஊட்டுவோம். சாப்பிட்டு முடித்தவள் புகைக்கவும் வேண்டும். சிகரெட்டுகளைப் பற்றவைத்துக் குழியின் விளிம்பில் நட்டுவைப்பது வழக்கம். வீட்டின் மூத்த தம்பதி முதலில் வைக்க வேண்டும். அதாவது நானும் எவுசேபியாவும்.

ஈஸ்டருக்குப் பிறகு நான் சிகரெட்டைத் தொடவில்லை.

ஈயச் சுரங்கம் என் நுரையீரலில் பாதியை எடுத்துக்கொண்டது. மீதியை நானே புகையாக்கினேன். நகரத்து மருத்துவமனையில் ஒரு குழாயை ஊதச் சொன்னார்கள். டாக்டர் திரையைப் பார்த்தபடியே, “இன்னுமா பிடிக்கிறீங்க?” என்றார். “இல்லங்க” என்றேன். என் சட்டையின் நாற்றம் எனக்கே அடித்தது. விட்டுவிட்டேன் என்று சொன்னவன் எப்படி விடுவது என்று கேட்க முடியாது. கேட்காமலே திரும்பி வந்தேன்.

ஈஸ்டர் வாரத்தில் மேட்டில் ஏறும்போது மூச்சு நின்றுபோய்த் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அன்று நிறுத்தினேன். நிறுத்தியதும் இருமல் கூடியது. சளி கூடியது. இத்தனை காலம் நோயை அடக்கிவைத்திருந்ததே சிகரெட்தான் என்று தோன்றியது. சுரங்கத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். மூச்சு முட்டினால் பயம் வரும். பயம் வந்தால் கை சட்டைப்பையைத் தேடும். கழுத்தை நெரிப்பதும் தேற்றுவதும் ஒரே பொருளாக இருந்தால் மனிதன் என்ன செய்வான்?

எவுசேபியா எதுவும் கேட்கவில்லை. எங்களுக்குள் பேச்சு குறைவு. அந்த மௌனம் எனக்குப் பிடித்தமானது. அதற்குள் எதையும் ஒளித்துவைக்கலாம்.

பாக்கெட்டை நான் பிரிக்கவில்லை. ஆனால் மனதுக்குள் ஏற்கெனவே தீர்மானித்திருந்தேன். தாய்க்காகப் பற்றவைக்க இழுக்கும் ஓர் இழுப்பு புகைபிடித்ததாகாது. அந்த ஓர் இழுப்போடு நிற்காது என்பதும் தெரியும். ஆகஸ்ட் முடியும்வரை ஒவ்வொரு வீட்டிலும் குழி திறப்பார்கள், எல்லாவற்றுக்கும் அழைப்பு வரும்.

முதல் தேதியன்று எவுசேபியாவின் தங்கை இலாரியா, லாமா என்னும் மலை ஒட்டகத்தின் கறிப் பானையோடு வந்து இறங்கினாள்.

“என்ன மச்சான், துரும்பா இளைச்சிட்டீங்க? அக்கா உங்களுக்குப் போடுறதையும் சேத்துக் குழியில கொட்டுறாளா?”

“குழியாவது அவ சமையலப் பாராட்டும்னு நெனச்சிருப்பா.”

“குழி பேசாதுல்ல மச்சான், அதான் அக்காவுக்குப் பிடிச்சிருக்கு. உங்களக் கட்டிக்கிட்டதும் அதனாலதான்!”

முற்றத்தில் கூடியிருந்த உறவுக்காரர்கள் சிரித்தார்கள்.

பிறகு மண்டியிட்டு ஊட்டினோம். கறி, மது, இலை. நான் பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை உதட்டில் வைத்தேன். தீ படாத புகையிலையின் வாசனைக்கே உடம்பு முழுவதும் விழித்துக்கொண்டது. காற்றை மறைக்கத் தொப்பியைக் கழற்றிப் பிடித்து, லைட்டரை உயர்த்தினேன்.

எவுசேபியாவைப் பார்த்தேன். அவள் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள். வேண்டிக்கொள்கிறவளின் முகம் இல்லை அது. எதையோ பார்க்க மாட்டேன் என்று முடிவு செய்தவளின் முகம்.

சிகரெட்டை உதட்டிலிருந்து எடுத்தேன்.

“என்னால முடியாது. ஒரு இழுப்பு இழுத்தேன்னா நாளைக்கு நானே போய் வாங்குவேன். எனக்குத் தெரியும்.”

யாரும் பேசவில்லை. எத்தனையோ மௌனங்களை விரும்பியிருக்கிறேன், இதை அல்ல. தாய்க்குப் புகை மறுக்கும் வீட்டுக்கு அந்த வருடம் விளங்காது என்பார்கள்.

“அதுக்கு எதுக்கு மச்சான் இப்படிப் பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?” என்றாள் இலாரியா. “சிகரெட்டு அவளுக்குத்தான? உங்க எச்சிலையும் சேத்து அவ குடிக்கணுமா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எவுசேபியா கண்ணைத் திறந்தாள். என் விரலிலிருந்து சிகரெட்டை வாங்கி, குழியருகே இருந்த தணல் சட்டியை நோக்கிக் குனிந்து நுனியைக் கங்கில் வைத்தாள். இழுக்க ஆளில்லாத சிகரெட் எளிதில் பிடிக்காது. தாள் கருகி அணைந்தது. மறுபடி வைத்தாள். வாழ்நாளில் புகைக்காதவள், கன்னம் உப்ப ஊதி ஊதி அதைச் சிவக்கவைத்தாள். நான் காற்று வரும் பக்கமாக நின்று இருமிக்கொண்டிருந்தேன். என் பங்குக்கு இன்னொரு சிகரெட்டையும் அவள்தான் ஊதிப் பற்றவைத்தாள். குழியின் விளிம்பில் நடுவதை மட்டும் நான் செய்தேன்.

மேட்டுக்காற்று இரண்டையும் இழுத்தது. சாம்பல் உதிராமல் வெள்ளையாக நீண்டது. நல்ல வருடத்துக்கு அடையாளம்.

“தாயி இழுக்குறதப் பாருங்க!” என்றாள் இலாரியா. “சுரங்கக்காரன் தோத்தான் போங்க.”

“மிச்சத்தையும் குடுத்துடு” என்றாள் எவுசேபியா என்னிடம்.

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

பாக்கெட்டைக் கவிழ்த்தேன். கறிக்கும் இலைக்கும் நடுவே வெள்ளைக் குச்சிகளாக விழுந்தன. ஒவ்வொருவரும் கையளவு மண் தள்ளினார்கள். மேலே கல்லை வைத்து மூடியபோதுதான், தோள்களை எவ்வளவு இறுக்கி வைத்திருந்தேன் என்று தெரிந்தது. அவை தாமாகவே இறங்கின.

ஆசை செத்துவிட்டது என்று சொல்லவில்லை. சாப்பிட உட்கார்ந்ததுமே வந்தது.

“இப்பவும் வேணும்போல இருக்கு” என்றேன்.

“தெரியும்” என்றாள் எவுசேபியா. டாக்டரிடம் பொய் சொன்னதையும் அப்போதே அவர்களிடம் சொல்லிவிட்டேன்.

“ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக் குழிக்கு வாங்க” என்றாள் இலாரியா. “பத்தவைக்கிற வேலைய நாங்க பாத்துக்கிறோம். அடுத்த தடவ அந்த டாக்டர்கிட்டப் போறப்பவும் இதே மாதிரி வாயத் தொறந்து சொல்லுங்க.”

“சொல்றேன்.”

“இன்னும் கொஞ்சம் கறி?” என்றாள் இலாரியா.

தட்டை நீட்டினேன்.