இளவரசியைக் கொடுத்துச் சமாதானம்

“அதுல அப்படி என்னதான்டி இருக்கு?” என்று அம்மா ஒருமுறை கேட்டாள். எனக்கே சரியாகத் தெரியவில்லை.

அண்ணன் தன் செல்போன் ரிப்பேர் கடையிலிருந்து பழைய கணினி ஒன்றைச் சரிபண்ணி வீட்டுக்குக் கொண்டுவந்தான். அதற்குள் இருந்த விளையாட்டு அது. ஆளுக்கொரு ராஜ்யம், மாறி மாறி ஆட வேண்டும். விதிகளைப் படித்து முடிக்கவே எனக்கு ஒரு மாதம் ஆனது. “பாடப் புத்தகத்தை இப்படிப் படிச்சிருந்தா பத்தாவதோட நின்னிருக்க மாட்ட” என்பான் அண்ணன். நின்று ஆறு வருஷமாகியும் அந்தக் கிண்டல் மட்டும் பழசாகவில்லை.

டிராகன் முட்டை பொரியக் காத்திருப்பது பிடிக்கும். பனிக்காலத்தில் படையை நகர்த்தினால் பாதிப் பேர் வழியிலேயே செத்துப்போவார்கள். அந்தக் கணக்கும் பிடிக்கும். ஆனால் ஓர் ஊரையே எரித்தாலும் திரையில் ஓர் எண் மட்டும் குறையும். அன்றைக்குச் சோறு இறங்காது. மறுநாள் மறுபடி போய் உட்காருவேன்.

அண்ணன் கடைக்கு எதிரே புதிதாக ரிப்பேர் கடை போட்டவன் எங்கள் வாடிக்கையில் பாதியை இழுத்துக்கொண்டான். என்னை அவனுக்குக் கட்டிக்கொடுத்தால் இரண்டு கடையும் ஒன்றாகிவிடும் என்று அண்ணன் யோசனை சொன்னான். அம்மா தலையாட்டிவிட்டாள். எனக்கு இஷ்டமில்லை; எழுந்து போய்க் கணினியைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணன் அவன் வீட்டுக்குப் போய் எங்கள் சம்மதத்தைச் சொல்வதாக ஏற்பாடு. கொண்டுபோகப் பழப் பை மேசைமேல் தயாராக இருந்தது.

அதுவரை பொழுது போக அண்ணனும் நானும் ஆட உட்கார்ந்தோம். அண்ணன் ராஜ்யத்து எல்லையில் என் படை நின்றது. அவன் முறை முடிந்ததும் திரையில் எனக்கு அவனிடமிருந்து ஓலை வந்தது: ‘எங்கள் இளவரசியையும் எல்லையோர ஊர்களையும் தருகிறோம். சமாதானமா?’

‘வேண்டாம்’ என்பதை அழுத்தினேன்.

“ஏய் ஊமைக்கோட்டான், கிறுக்கா உனக்கு? சும்மா வர்ற ஊரையா வேண்டாங்கற?”

“அவளைக் கேட்டியா?”

“யாரை?”

“இளவரசியை.”

சிரித்தான். “அது பொம்மைடி. கேக்கறதுக்கு இதுல பட்டனே கிடையாது.”

“தெரியும். தேடிப் பாத்துட்டேன்” என்றேன். “நம்ம வீட்லயும் இல்ல.”

அவன் சிரிப்பு பாதியில் நின்றது. மறுபடி அவன் முறை வந்து திரையில் மணி அடித்தது. அவன் ஆடவில்லை. பழப் பையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பிறகு எழுந்து செருப்பை மாட்டினான். பையை மேசைமேலேயே விட்டுவிட்டு, வெறுங்கையோடு எதிர்க்கடைக்காரன் வீட்டுக்குக் கிளம்பினான்.