ஏழு நாள் சைக்கிள்

1961 மாசியில், கறம்பக்குடிச் சந்தைத் திடலில் நாகராசு ஏழு நாள் இறங்காமல் ஓட்டுகிறேன் என்று சைக்கிளில் ஏறினான். சாப்பாடு, குளியல், கண்ணயர்வது எல்லாம் சைக்கிள் மேலேயே. கால் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்தது. போன வருஷம் கீரனூரில் நாலாம் நாளே இறங்கி, காலில் சத்தில்லாதவன் என்று பேர் வாங்கியிருந்தான். அதற்குப் பிறகு எங்கள் ஊரைத் தவிர எந்த ஊரும் அவனைக் கூப்பிடவில்லை. இங்கேயும் பாதியில் விட்டால் தொழிலையே தலைமுழுக வேண்டியதுதான் என்று அவன் பெண்சாதி காத்தாயி என் கடையில் வந்து அழுதாள்.

என் சைக்கிள் ரிப்பேர்க் கடை திடலுக்கு நேர் எதிரே. இந்த ஆண்டியப்பன் கை வைத்த சைக்கிள் மறுபடி கடைக்கு வராது என்று ஊரில் பேச்சு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டதே பாதி நான்தான்.

நாகராசுவினுடையது யாரோ ஒரு துரை விட்டுப்போன பழைய ரேஸ் சைக்கிள். ஹேண்டில்பார் கடாக்கொம்பு மாதிரி கீழே வளைந்திருக்கும். மேல்முனையில் இருக்கும் வளைய வாயால் அதைக் கவ்விக்கொண்டு, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்குக்குள் இறங்குகிற இரும்புத் தண்டை நாங்கள் ஸ்டெம் என்போம். ஆட்டத்துக்கு முதல்நாள், ஸ்டெம்மில் மரை தேய்ந்துவிட்டது என்று கொண்டுவந்தான். திருச்சிக்குப் போய்த்தான் வாங்க வேண்டும்.

"திருச்சி எதுக்குடா தம்பி, நான் இருக்கையில?" என்றேன். பழைய சாமான் பெட்டியிலிருந்து ஒரு ஸ்டெம்மை எடுத்தேன். அதன் வாய் சின்னது. நெருப்பில் பழுக்கக் காய்ச்சி, சுத்தியலால் தட்டி விரித்து மாட்டினேன். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை காத்தாயி ஓடிவந்தாள். "அண்ணே, ஹேண்டிலு கையோட வருதுங்கறாரு. வந்து பாருங்கண்ணே."

நின்ற சைக்கிள் என்றால் முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டிலைத் திருகினால் போதும், வியாதி தெரிந்துவிடும். இது நிற்காத சைக்கிள். நாற்பத்தைந்து வயதில், தொப்பையைத் தூக்கிக்கொண்டு, ஊரே சிரிக்க அவனோடு சுற்றிச் சுற்றி ஓடினேன்.

முதலில் ஹேண்டிலும் ஸ்டெம்மும் சேருமிடத்தில் குறுக்கே ஒரு சாக்பீஸ் கோடு போட்டேன். பத்துச் சுற்று கழித்தும் கோடு பிசகவில்லை. அப்படியென்றால் ஹேண்டில் வாய்க்குள் நழுவவில்லை. பிறகு, "வலது கையால அமுக்கு, இடது கையால இழு" என்றேன். சக்கரம் நேராகப் போனது, ஹேண்டில் மட்டும் ஒருபக்கம் தணிந்து எழுந்தது. ஒன்று ஹேண்டில்பார் வளைகிறது, இல்லை ஸ்டெம் விட்டுக்கொடுக்கிறது. ஹேண்டில்பார் அவனுடையது. ஸ்டெம் என்னுடையது.

"ஹேண்டில்பார்தான் வளையுது. பழைய இரும்பு. கையை நடுவுல வச்சு ஓட்டு" என்றேன். நடுவில் பிடித்ததும் ஹேண்டிலின் ஆட்டம் குறைந்தது. ஸ்டெம் கோளாறாக இருந்தாலும் அப்படித்தான் குறையும். அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கடைக்கு வந்தும் இருப்புக் கொள்ளவில்லை. பஞ்சர் ஒட்டிய ட்யூபை அப்போதே மறுபடி கிழித்தேன். வந்தவர்களிடமெல்லாம் எரிந்து விழுந்தேன். ஒலிபெருக்கியில் பாட்டு நின்றால் போதும், விழுந்துவிட்டானோ என்று வாசலுக்கு ஓடுவேன். சுற்றிக்கொண்டுதான் இருப்பான். அது இன்னும் மோசம்.

நாலாம் நாள் தாங்க முடியாமல், காத்தாயியின் வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை வாங்கி, அவனோடு ஓடிக்கொண்டே ஸ்டெம் முழுக்க மெல்லிசாகத் தடவினேன். இரும்புக்குள்ளே விரிசல் இருந்தால், காய்ந்த சுண்ணாம்பு அங்கேதான் பிளக்கும். வெயிலில் அரைமணியில் காய்ந்தது.

"இப்ப அமுக்கு."

அமுக்கினான். நான் காய்ச்சி விரித்த வாயை ஒட்டி, மேல்பக்கத்தில், தலைமயிர் கனத்துக்கு ஒரு கோடு விழுந்தது. கையை எடுத்ததும் கோடு மூடிக்கொண்டது. நாகராசு நேராகப் பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் கட்டைவிரலால் அந்த இடத்தைத் துடைத்தேன்.

"ஒண்ணுமில்ல தம்பி. ஹேண்டில்பார்தான்."

"சரிங்கண்ணே" என்று மிதித்துக்கொண்டு போனான்.

ஊரெல்லாம் திடலில் நிற்கிறது, நான் போய் என் வேலை பிசகிவிட்டது என்பதா என்று நினைத்தேன். இன்னும் மூன்று நாள்தானே, தாங்கிவிடும் என்றும் நினைத்தேன். தாங்காது என்று என் கைக்குத் தெரிந்திருந்தது.

ஆறாம் நாள் காலை பத்துமணிக்கு, காத்தாயி கூடவே ஓடிக் கஞ்சிச் செம்பை நீட்டினாள். அவன் ஒரு கையால் வாங்கவும் ஹேண்டில் மறுபக்கம் அரையடி தணிந்தது. கஞ்சி அவள் முகத்தில் கொட்டியது. கூட்டம் சிரித்தது. ஸ்டெம் முறிந்து விழுந்தால் அந்த இரும்பு அவன் நெஞ்சுக்குள் ஏறும் என்று எனக்குத் தெரிந்தது. போய் மைக்கைப் பிடுங்கினேன்.

"நாகராசு, எறங்கு! ஸ்டெம்மு கீறிப்போச்சு. அத மாட்டுனது நான். தப்பு என்னோடது. அவன் காலுல ஒரு கொறையும் இல்ல, கேட்டுக்கங்க!"

நான் முடிப்பதற்குள் இறங்கிவிட்டான். ஐந்து நாளாகத் தரை காணாத கால் மடிந்து, காத்தாயியின் மேல் சாய்ந்தான். கூட்டம் அவனை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் ஏசியது. யாரோ மண்ணை வாரி எறிந்தார்கள். அதுகூட எனக்கு ஆறுதலாக இருந்தது. பெரிய தியாகம் செய்துவிட்ட மிதப்பில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"நல்லவேளை தம்பி, இப்பவாச்சும் பாத்தேன்" என்றேன்.

அவன் உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகச் சொன்னான்.

"சுண்ணாம்பு பொளந்தப்பவே நானும் பாத்துட்டேண்ணே. எம் மூக்குக்கு நேராத்தான இருந்துச்சு."

"அப்பறம் ஏன்டா எறங்கல?"

"நானா எறங்குனா காலு போயிருச்சும்பாங்க. நீங்க சொன்னாத்தான் சைக்கிளு போயிருச்சும்பாங்க. இந்தச் சுத்துல சொல்லுவாரு, அடுத்த சுத்துல சொல்லுவாருன்னு ஒங்க கடையப் பாத்துக்கிட்டே மிதிச்சேன். ரெண்டு நாளுண்ணே."