பிளாஸ்டிக் போட்ட பட்டம்

லிகாயா நர்சிங் முடித்ததும் அவள் அப்பா இக்னாசியோ பட்டச் சான்றிதழை லாமினேட் செய்துவிட்டார். மணிலா வெள்ளத்தில் வீடே மூழ்கினாலும் மகளின் படிப்பு நனையக்கூடாதே.

கனடா விசாவுக்கு அதில் அரசு முத்திரை வேண்டும். அதிகாரி பிளாஸ்டிக்கைத் தட்டிப் பார்த்தார்.

"இதுமேல எப்படிம்மா முத்திரை குத்துறது? காலேஜ்ல வேற காப்பி வாங்கிட்டு வா."

"காலேஜையே இழுத்து மூடிட்டாங்க சார்."

"அப்ப நீ நர்ஸுன்னு அரசாங்கம் எப்படி நம்பும்?" என்றவர், குரலைத் தாழ்த்தினார். "ஆமா, இந்த பிரஷர் மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சொல்லிவிட்டு வந்தாள்.

வாசலிலேயே அப்பா கேட்டார்: "என்னடி ஆச்சு?"

"பட்டத்தைப் பத்திரமா வச்சிருக்கீங்கன்னு பாராட்டினாங்கப்பா."

இக்னாசியோ அன்று தெருவுக்கே நூடுல்ஸ் விருந்து வைத்தார். பரிமாறியவள் லிகாயாதான்.