மூன்றாம் ஓலையும் இடது கணுக்காலும்

ஹில்டாவின் இடது கணுக்கால் கெட்டுப்போனதற்கு மழையைக் குற்றம் சொல்ல முடியாது, தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டையும் குற்றம் சொல்ல முடியாது. மழை பெய்யத்தான் செய்யும், படி வழுக்கத்தான் செய்யும். கெடுத்தது அவளைப் பெற்ற ரத்தினபாய்தான். இதில் சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

எண்பத்து நாலு நவம்பர், புதன்கிழமை. ஹில்டாவுக்கு இருபத்து மூன்று வயது. ராஜகீழ்ப்பாக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். குரோம்பேட்டை போஸ்ட் ஆபீஸில் வேலை பார்த்த சாலமோனுக்கு அவளைப் பேசி முடித்து, ஆலயத்தில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு போதகர் மணமக்கள் பெயரை வாசித்து, தடை ஏதாவது தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள் என்று சபையைக் கேட்பார். அதுதான் ஓலை. மூன்றாம் ஓலைக்கு இன்னும் நாலே நாள். தையற்காரரிடம் கல்யாண ரவிக்கையை வாங்கிக்கொண்டு மின்சார ரயிலில் வந்து இறங்கியவள், மேம்பாலத்தின் கடைசிப் படியில் சறுக்கினாள். பாதம் உள்பக்கமாக மடங்கி, உடம்புப் பாரம் முழுக்க அதன் மேல் இறங்கியது. பொட்டென்று ஒரு சத்தம் அவளுக்கே கேட்டது.

ரிக்‌ஷாவில் சேலையூர் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கணுக்கால் பன் மாதிரி உப்பியிருந்தது. "அம்மா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்மா, உசிரு போகுது" என்று அழுதாள். ரத்தினபாய் முதலில் வாசல் கதவைச் சாத்தினாள். அப்புறம்தான் காலைப் பார்த்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா எக்ஸ்ரே எடுப்பான், மாவுக்கட்டு போடுவான். ஞாயித்துக்கிழமை சம்பந்தி வீடு மொத்தமும் ஓலைக்கு வருது. 'தடை இருந்தா சொல்லுங்க'ன்னு ஐயா கேக்கறப்ப நீ மாவுக்கட்டோட உக்காந்திருந்தா, அதைவிட வேற தடை வேணுமாடி?"

கேட்டீர்களா கதையை! தடை என்றால் ஏற்கெனவே ஒரு பெண்டாட்டி இருப்பது, இரத்த உறவு இருப்பது, வயசு நிரம்பாமல் இருப்பது. சபையில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். முப்பது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தி, ஹெட்மிஸ்ட்ரஸாகவும் இருந்த ரத்தினபாய்க்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் அந்தப் பட்டியலில் பெற்ற மகளின் வீங்கின காலையும் சேர்த்துக்கொண்டாள். நாலு பேர் வாயில் விழுந்துவிடுவோமோ என்ற பயம் வந்துவிட்டால் படித்த புத்தி எங்கே வேலை செய்கிறது?

புளியும் கல்லுப்பும் கொதிக்கவைத்துப் பற்றுப் போட்டாள். அதோடு விட்டாளா? சூடாக நல்லெண்ணெய் தடவி, வீக்கத்தின் மேலேயே கட்டைவிரலை அழுத்தி உருவினாள். ஹில்டா வீறிட்டாள். "கத்தாதடி, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்" என்று முந்தானையைச் சுருட்டி அவள் வாயில் வைத்து அமுக்கிக்கொண்டே உருவினாள் அந்த மகராசி.

ஞாயிற்றுக்கிழமை ஹில்டா பல்லைக் கடித்துக்கொண்டு, நொண்டாமல், இருநூறு பேர் பார்க்க ஆலயத்துக்குள் நடந்து போய் உட்கார்ந்தாள். போதகர் வாசித்தார், கேட்டார். யாரும் எழுந்திருக்கவில்லை. மதியம் சம்பந்தி வீட்டாருக்கு அவளே நின்று சாப்பாடு பரிமாறினாள். "பொண்ணு நல்ல சுறுசுறுப்பு" என்று பாராட்டு வேறு.

"மூணு ஓலை முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்" என்றவள், கல்யாணம் முடியட்டும் என்றாள். கல்யாணம் முடிந்தது. இரண்டாம் மாதமே ஹில்டா உண்டாகிவிட்டாள். வயிற்றுப் பிள்ளையோடு எக்ஸ்ரே எடுக்கக் கூடாது, பிள்ளை பிறக்கட்டும் என்றாள். பிள்ளை பிறந்தது. அதற்குள் வீக்கம் வற்றிவிட்டது. "பாத்தியா, தானா சரியாப் போச்சு" என்று சொல்லிக் கணக்கை முடித்துவிட்டாள். "மாப்பிள்ளை கிட்ட மட்டும் மூச்சு விட்டுடாத. கால் ஊனத்தை மறைச்சுக் கட்டி வச்சாங்கன்னு ஆயிடும்."

சரியாகப் போனதாம். எது? சின்னக் கூழாங்கல் பட்டால் போதும், பாதம் மடங்கும். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மடங்கும், குளியலறையில் மடங்கும். வருஷத்துக்கு நாலு தடவை வீங்கும். அந்தக் காலுக்குப் பயந்து வலது காலிலேயே பாரத்தைப் போட்டு நடந்ததில் வலது முழங்கால் போயிற்று, அப்புறம் இடுப்பு. ஒவ்வொரு தடவை விழும்போதும் சாலமோன் "கண்ணு எங்க இருக்கு உனக்கு? பாத்து நடக்கத் தெரியாதா?" என்பான். "செருப்பு வழுக்கிடுச்சுங்க" என்பாள். பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை செருப்பின் மேல் பழி போட்டாள்!

தொண்ணூற்று ஆறு ஜூனில் பள்ளிக்கூட மாடிப்படியில் நோட்டுக் கட்டோடு உருண்டாள். இந்தத் தடவை சாலமோனே எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனான். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எலும்பைக் கட்டி வைத்திருக்கும் நார் எப்போதோ அறுந்து, தொளதொளவென்று கூடியிருக்கிறது என்றார். பன்னிரண்டு வாரம் பிசியோதெரபி, முதல் ஆறு வாரம் ஊன்றுகோல். ஒழுங்காகச் செய்தால் பிழைக்கும். இல்லாமல் இன்னும் நாலு தடவை மடங்கினால் மூட்டே தேய்ந்துவிடும். அப்புறம் திருகாணி போட்டு அசையாமல் பூட்டிவிட வேண்டியதுதான்.

கேம்ப் ரோட்டில் ஒரு மருந்துக்கடைக்குப் பின்னால் இருந்தது லோகநாயகியின் பிசியோதெரபி அறை. நாற்பது வயசு இருக்கும். வாயில் தேன் தடவிப் பேசுகிற ரகமில்லை.

"கண்ணை மூடிக்கிட்டு இடது கால்ல மட்டும் நில்லுங்க."

இரண்டு எண்ணுவதற்குள் ஹில்டா கட்டிலைப் பிடித்துவிட்டாள்.

"இது உங்க கால்தானே? எங்க நிக்கறோம்னே அதுக்குத் தெரியலையேம்மா. இது கண்ணை மூடிக்கிட்டு முப்பது எண்ணற வரைக்கும் நிக்கணும். அப்பதான் நான் உங்களை விடுவேன். மொதமொதல்ல எப்ப பிசகுச்சு?"

ஹில்டா ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சாலமோனைப் பார்த்தாள். "ஞாபகம் இல்ல" என்றாள்.

"காலுக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சும்மா சொல்லுங்க."

சொன்னாள். படிக்கட்டு, புளிப்பற்று, மூன்றாம் ஓலை, எல்லாம். லோகநாயகி தலையில் அடித்துக்கொண்டாள். "அன்னிக்கே கட்டுப் போட்டு ஆறு வாரம் பதனமா வச்சிருந்தா முடிஞ்சு போயிருக்கும். ஆறே வாரம்!"

சாலமோன் ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான். அப்புறம் சொன்னான்: "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேனே ஹில்டா. கல்யாணத்தை ஒரு மாசம் தள்ளி வச்சிருப்போம். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதானே'யைக் கேட்டதும் ஹில்டாவுக்கு வந்த ஆத்திரத்தில் அந்த அறையையே கொளுத்தியிருப்பாள். பூதம் பூதம் என்று பயந்து பன்னிரண்டு வருஷம் கதவைச் சாத்தி வைத்திருந்தாள். திறந்து பார்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை.

தினம் சாயங்காலம் நாலரைக்குப் போனாள். சைக்கிள் டியூபைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கமாக இழுப்பாள். கால்விரலால் கைக்குட்டையைச் சுருட்டுவாள். குதிகாலைத் தூக்கி இறக்குவாள். ஒரே இடத்தில் உட்காராதே, இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நில் என்பது லோகநாயகியின் கட்டளை. நாலாவது வாரம் கண்ணை மூடிக்கொண்டு பத்தொன்பது எண்ணும் வரை நின்றாள்.

அந்த வாரம்தான் ரத்தினபாய் வந்தாள். ஹில்டாவின் தங்கை பியூலாவுக்கு ஊரப்பாக்கத்து வரன் குதிர்ந்திருந்தது. அடுத்த ஞாயிறு முதல் ஓலை.

"நான் சொல்றத பொறுமையா கேளு. மூணு ஓலை முடியற வரைக்கும் அந்தக் குச்சியத் தூக்கிக்கிட்டு கேம்ப் ரோட்ல நடமாடாத. மாப்பிள்ளையோட சித்தி அங்கதான் குடியிருக்கா. அக்காவுக்குக் கால் விளங்கலைன்னா தங்கச்சிக்கு என்ன இருக்கோன்னுதான் நினைப்பாங்க."

"அம்மா, நடுவுல விட்டா ஆபரேஷன்ல கொண்டு போய் விட்டுடும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"மூணே வாரம்டி. உன் தங்கச்சி வாழ்க்கைய விட உனக்கு அந்தக் குச்சி பெருசாப் போச்சா?"

இப்படிக் கேட்டால் அக்காக்காரி என்ன செய்வாள்? ஹில்டா அடங்கிப்போனாள். அதுதான் அவள் புத்தி. ஒரு தடவை பட்டும் தெரியவில்லை. குச்சியை அலமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு, லோகநாயகிக்குச் சொல்லாமல் கொள்ளாமல், முதல் ஓலைக்குக் குச்சி இல்லாமல் நடந்துபோய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். இரண்டாம் ஓலைக்கும் அப்படியே.

அதற்கு அடுத்த செவ்வாய்க்கிழமை ராஜகீழ்ப்பாக்கம் முனையில் பஸ்ஸிலிருந்து இறங்கினாள். பாதம் மடங்கி, பின்சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளிக் குப்புற விழுந்தாள். கண்டக்டர் விசிலை ஊதிக்கொண்டே குதித்து ஓடி வந்தான்.

"இன்னாமா, சாவறதுக்கு என் வண்டிதான் கெடச்சுதா? கால்ல கோளாறு கீதுன்னா குச்சி வச்சிகினு நடக்கறதுதானே? அதுல இன்னா கவுரவம் உனுக்கு?"

ஊர் பேர் தெரியாத கண்டக்டருக்குத் தெரிந்தது பெற்ற தாய்க்குத் தெரியவில்லையே என்று மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தபோது அவளுக்கு அழுகை வரவில்லை. அம்மா மேல் கோபம், அம்மாவுக்குத் தலையாட்டின தன் மேல் அதைவிடக் கோபம். அன்று சாயங்காலமே கேம்ப் ரோட்டுக்குப் போனாள். லோகநாயகி நிற்கச் சொன்னபோது ஏழுக்கு மேல் நிற்க முடியவில்லை.

"எங்க போனீங்க இத்தனை நாளா?" என்றாள் லோகநாயகி. ஹில்டா தங்கை கல்யாணத்தைச் சொன்னாள். "நல்லது. இன்னொரு தடவை இப்படி விட்டீங்கன்னா எங்கிட்ட வராதீங்க. நேரா ஆபரேஷனுக்குப் போயிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை, மூன்றாம் ஓலை. ஹில்டா கணுக்காலில் பட்டையைச் சுற்றிக்கொண்டு, குச்சியை ஊன்றி, டொக் டொக்கென்று ஆலயத்துக்குள் வந்தாள். பெண்கள் பக்கம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முன் பெஞ்சில் மாப்பிள்ளையின் அம்மா தபீதாள் உட்கார்ந்திருந்தாள். ரத்தினபாயின் முகம் செத்துப்போயிற்று. பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளின் கையிலிருந்து குச்சியைப் பிடுங்கி பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். ஹில்டா குனிந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

போதகர் அசரியா ஓலையை வாசித்தார். "இவர்கள் திருமணத்துக்குத் தடை உண்டென்று அறிந்தவர்கள் யாராவது இருந்தால் இப்பொழுதே தெரிவிக்கலாம்" என்று நிறுத்தினார்.

ஹில்டா எழுந்து நின்றாள்.

"உக்காருடி பாவி" என்று ரத்தினபாய் அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா!" என்றாள் பியூலா, குரலே எழும்பாமல். ஹில்டா அசையவில்லை.

போதகர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏதாவது சொல்லணுமாம்மா?"

"தடை ஒண்ணும் இல்ல ஐயா. எனக்குக் கால்ல அடி. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து நிக்கணும். நீங்க மேல வாசிங்க."

பின்னால் யாரோ சிரித்தார்கள். போதகரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு மேலே போனார். ஹில்டா வலது பாதத்தைத் தரையிலிருந்து தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு, மனசுக்குள் எண்ணினாள். பன்னிரண்டில் கால் ஆடியது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள்.

வெளியே வந்ததும் தபீதாள் நேராக அவளிடம் வந்தாள். "காலுக்கு என்னம்மா?"

"நேத்து பஸ்ஸிலேர்ந்து எறங்கறப்ப லேசா..." என்று ரத்தினபாய் முந்திக்கொண்டாள்.

"நேத்து இல்ல அத்தை. பன்னெண்டு வருஷம் ஆச்சு. என்னோட மூணாவது ஓலைக்கு நாலு நாள் முன்னாடி விழுந்தேன். உங்கள மாதிரி சம்பந்தி வீட்டுக்காரங்க பாத்துடுவாங்கன்னு ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போகல. இப்பவும் நீங்க பாத்துடக் கூடாதுன்னு ரெண்டு வாரமா குச்சி இல்லாம நடந்தேன். செவ்வாக்கிழமை பஸ் சக்கரத்துல போயிருப்பேன்."

தபீதாள் ரத்தினபாயை ஒரு பார்வை பார்த்தாள். பியூலாவின் கையைப் பிடித்து, எல்லார் காதிலும் விழுகிற மாதிரிக் கேட்டாள்.

"உனக்கு எங்கயாவது வலிக்குதாடி? இருந்தா இப்பவே சொல்லிடு. டாக்டர் கிட்ட போயிட்டு அப்புறம் கல்யாணம் வச்சுக்கலாம்."

ரத்தினபாய் வீட்டுக்குக் கிளம்பினாள். சபையார் முன்னால் மானம் போன கோபத்தில் எப்போதும் போல் வேகமாக முன்னால் நடந்தாள். ஹில்டா குச்சியை ஊன்றிப் பின்னால் வந்தாள். தெருமுனையில் ரத்தினபாய் சட்டென்று திரும்பினாள்.

"எல்லாத்துக்கும் நான்தான் காரணம்னு ஊரைக் கூட்டிச் சொல்லிட்ட. அன்னிக்கு அவ்வளவு வலின்னா நீ வாயைத் தொறந்து கத்தியிருக்கலாம்ல?"

ஹில்டா நின்றாள்.

"கத்தினேன்மா. நீங்கதான் வாயில முந்தானைய வச்சு அமுக்கினீங்க."

ரத்தினபாயின் கை தோளில் கிடந்த முந்தானைக்குப் போயிற்று. தொட்டதும் சுட்டுவிட்டாற்போல் கீழே இறங்கிவிட்டது. அவளுக்கு மறந்துதான் போயிருந்தது. அது முகத்தில் தெரிந்தது. ஹில்டாவுக்கு அதுதான் தாங்கவில்லை. பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொரு அடிக்கும் தனக்கு ஞாபகம் வந்த ஒன்றை இந்த அம்மாள் சுத்தமாக மறந்துவிட்டு நிம்மதியாக நடமாடியிருக்கிறாள்.

அவள் அம்மாவைத் தாண்டி நடந்தாள். டெலிபோன்காரர்கள் தோண்டிப் போட்ட இடத்தில் குச்சியால் தட்டிப் பார்த்து, மெதுவாகக் கடந்தாள். பின்னால் காலடிச் சத்தம் தயங்குவது கேட்டது.

"பள்ளம் இருக்கு" என்றாள் திரும்பிப் பார்க்காமல். "பாத்து வாங்க."