லியூசின் கதவு

துறைத்தலைவர் தன் புது ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் கதவு முன் நின்று கழுத்துப்பட்டையை மறுபடியும் சரிசெய்துகொண்டார். கண்ணாடியின் நடுவில் பெரிதாகப் பொறித்திருந்தது: A T T. மரச்சட்டத்தின் வெளிப்பக்கத்தில், இடப்புறம் 5, வலப்புறம் 3 என்று செதுக்கியிருந்தது. டி.என்.ஏ. இழையை ஐந்தாம் முனையிலிருந்து மூன்றாம் முனைக்குப் படிக்க வேண்டும். வருகிறவர்கள் தடுமாறக் கூடாதே என்கிற கருணை.

லியூசின் என்ற அமினோ அமிலத்தைத் தூக்கிவரும் கடத்து ஆர்.என்.ஏ.வைக் கட்டிக்கொண்டு பாதி ஆயுளைக் கழித்தவர் அவர். மாணவர்கள் முதுகுக்குப் பின்னால் 'லியூசின் சார்' என்பார்கள். மனைவி நேருக்கு நேராகவே இன்னும் மோசமாகச் சொல்வாள். அந்த ஆர்.என்.ஏ.வின் எதிர்க்கோடான், அதாவது அமிலத்தைக் குறிக்கும் கோடானோடு ஜோடி சேரும் மூன்றெழுத்து, U A A. அதற்கு ஜோடி எழுத்துகளைப் போட்டு, லியூசினுக்கான டி.என்.ஏ. வரிசையைக் கண்டுபிடித்துக் கதவில் ஏற்றிவிட்டார். யாரிடமும் சரிபார்க்கவில்லை. லியூசினைப் பற்றி அவர் போய் யாரிடம் கேட்பது?

இன்னும் கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்துவைக்க வரப்போகிறவர் பழைய வகுப்புத் தோழர். ஐசோலியூசினில் பேர் வாங்கியவர். யாருடைய அமிலம் உசத்தி என்று படிக்கும் காலத்திலிருந்தே இருவருக்கும் போட்டி. அவர் இந்தக் கதவைப் பார்த்து வாயடைத்து நிற்க வேண்டும். தலைவருக்கு வேறு ஆசை இல்லை.

மனைவியின் தங்கை கைபேசியோடு வந்தாள். அதே துறையில் விரிவுரையாளர். வீட்டில் 'அத்தான்', இங்கே 'சார்' என்பது ஒப்பந்தம்.

"இது என்ன சார்?"

"என்னம்மா கேள்வி? லியூசின்."

"ஐசோலியூசின், அத்தான்."

ஒப்பந்தம் மீறப்பட்டதும் தலைவர் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார். "U-வுக்கு A. A-வுக்கு T. இன்னொரு A-வுக்கு இன்னொரு T. இதுல எங்க தப்பு?"

"ஜோடி சரிதான். திசையத்தான் காணோம். ரெண்டு இழையும் எதிரும் புதிருமா ஓடும்னு தொண்டை கிழியக் கத்துறது யாரு? எதிர்க்கோடானோட ஐஞ்சாம் முனை, கோடானோட மூணாம் முனைக்கு எதிர்ல இல்ல உட்காரும்? நீங்க போட்டதத் திருப்பி எழுதணும். T T A. அதுதான் உங்க லியூசின்."

தலைவர் காற்றில் விரலால் எழுதிப் பார்த்தார். பிறகு காற்றிலேயே அழித்தார்.

"அப்ப அவன் அமிலத்தையா என் கதவுல எழுதி வச்சிருக்கேன்?"

"அவரு நன்றி சொல்லிட்டுப் போவாரு, விடுங்க."

"சிரிக்காதே. உங்கக்காகிட்ட மூச்சு விடாதே."

"அக்கா லைன்லதான் இருக்கா, அத்தான்."

எண்களை மாற்றலாமென்றால் மரத்திலேயே செதுக்கித் தொலைத்திருந்தது. புதுக் கண்ணாடிக்கு நேரமில்லை. தனக்குத் திடீர்க் காய்ச்சல் வந்தால் எப்படியிருக்கும் என்று தலைவர் யோசித்துக்கொண்டிருக்கையில், கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போன மைத்துனி அங்கிருந்து கூப்பிட்டாள்.

"இங்க வந்து பாருங்க."

உள்ளேயிருந்து பார்த்தால் T T A. அந்த இரண்டு எழுத்துகளையும் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் முகம் மாறவில்லை.

"கண்ணாடிய மட்டும் திருப்பி மாட்டிடலாம். நல்லவேளை, நடுவுல ஒரு G இருந்திருந்தா மானம் போயிருக்கும்."

தச்சர் ஓடிவந்தார். விளிம்புப் பட்டியைப் பெயர்த்துக் கண்ணாடியைத் திருப்பி மாட்டினார். "ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

"ஒண்ணா? உலகமே வேறப்பா!" என்றார் தலைவர். குரலில் பழைய கனம் திரும்பியிருந்தது. தச்சர் அவரை அனுதாபத்தோடு பார்த்துவிட்டு உளியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

விருந்தினர் வந்தார். கதவைப் பார்த்தார். "ம்ம், லியூசின். சொந்தக் கதவுல சொந்தப் பெருமை" என்றார். வாயடைக்கவில்லை. தலைவர் விடாமல், இழைகளுக்குத் திசை எவ்வளவு முக்கியம், அவசரக்காரர்கள் அதில் எப்படிச் சறுக்குவார்கள் என்று நீளமாகப் பேசினார். மைத்துனி கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

எல்லோரும் உள்ளே போனார்கள். கதவைச் சாத்தத் திரும்பிய விருந்தினர் அப்படியே நின்றுவிட்டார். இந்தப் பக்கம் எண்கள் கிடையாது. எண் இல்லாவிட்டால் இடமிருந்து வலமாகப் படிப்பதுதான் அவர்கள் துறை வழக்கம். A T T. விருந்தினர் வாயடைத்துப்போனார். கண்கூடக் கலங்கியது.

"டேய்... வெளிய உன்னுது, உள்ள என்னுதா? ஒரே கண்ணாடியில! நான்தான்டா உன்னைத் தப்பா நினைச்சிட்டேன். எப்படிடா உனக்கு இது தோணிச்சு?" என்று கட்டிப்பிடித்துக்கொண்டார்.

தலைவர் அந்தப் பிடிக்குள்ளேயே கழுத்துப்பட்டையைச் சரிசெய்தார்.

"ரொம்ப நாள் யோசனை" என்றார்.

மைத்துனியின் கைக்குள்ளிருந்த கைபேசியில் அவர் மனைவியின் சிரிப்பு கேட்டது.