கட்டில் கால்கள்

தச்சர் குடித்த நாள்களில் அவர் வீட்டுக்குள் மட்டும் தண்ணீர் ஏறும். தெரு காய்ந்து கிடக்கும். பக்கத்து வீட்டில் தரையைப் பெருக்கினால் புழுதி பறக்கும். இவர் வீட்டில் கணுக்கால் அளவு நிற்கும். குழாய் ஒழுகுகிறது என்றே பல வருடங்கள் சொல்லிவந்தார். பார்க்க வந்த குழாய்க்காரர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "குழாயில ஒண்ணுமில்ல அண்ணே. அடைக்கணும்னா உங்க வாயைத்தான் அடைக்கணும்" என்றார். தச்சரும் சேர்ந்து சிரித்தார்.

தண்ணீர் முழங்காலைத் தொட்டபோது அவர் தச்சர் புத்தியைக் காட்டினார். கட்டில், மேசை, அலமாரி எல்லாவற்றின் கால்களிலும் கட்டை சேர்த்து உயர்த்தினார். இணைப்பு தெரியாத வேலை. ஏறிப் படுக்க ஒரு முக்காலியும் செய்தார். "குடியை விடச் சொன்னா கட்டிலைத் தூக்குறாரு மனுஷன்" என்றாள் மனைவி. விடத்தான் போகிறேன் என்று அவரும் சொன்னார். கையிலிருக்கிற ஜன்னல் வேலை முடியட்டும், மழைக்காலம் போகட்டும். அப்படியே மகள் வளர்ந்து அம்மா உயரத்துக்கு வந்துவிட்டாள்.

ஒரு நாள் காலையில் வாசற்படியில் தண்ணீர் வடியத் துளை போட்டார். அன்றிலிருந்து குடிக்கவில்லை. கை நடுங்கியது; உளி பிடிக்க முடியாமல் பட்டறையில் வெறுமனே உட்கார்ந்திருந்தார். தண்ணீர் வடிந்துபோனது. மனைவி வெறுந்தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, எழுந்திருக்கவே மாட்டேன் என்றாள். மகள்தான் கேட்டாள்: "கட்டில் காலை வெட்டிடலாமேப்பா?"

"எதுக்கும் இருக்கட்டும்மா."

ஒரு வருடத்துக்கு மேல் தரை காய்ந்தே கிடந்தது. அப்போதும் மனைவி முக்காலியில் ஏறித்தான் படுத்தாள். பிறகு, சொல்லும்படியான காரணம் எதுவுமில்லாமல், ஒரு மாலை அவர் குடித்துவிட்டு வீடு வந்தார். தண்ணீர் மறுபடி ஏறியது. துளை போதவில்லை. மறுபடி நிறுத்தினார், மறுபடி வழுக்கி விழுந்தார். அதற்கடுத்த முறை நிறுத்துவதற்குள் கல்லீரல் முந்திக்கொண்டது.

அடக்கம் முடிந்து திரும்பும்போது, இனி வீடு காய்ந்துவிடும் என்று மனைவி நினைத்தாள். பட்டறையில் நுழைந்து ரம்பத்தைக்கூட எடுத்து வந்தாள். உள்ளே தண்ணீர் கட்டில் கால்களின் பாதி உயரத்துக்கு அசையாமல் நின்றது. கட்டிலின் நான்கு கால்களிலும் ஒரே மட்டத்தில் பென்சில் கோடு. அறுப்பதற்கு முன் அவர் போடும் கோடு. எந்தக் காய்ந்த மாதத்தில் போட்டாரோ. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டு நின்றது.

"நான் வெட்டட்டுமாம்மா?" என்றாள் மகள்.

"இருக்கட்டும்டி. ஏறிப் பழகிடுச்சு."

அதன்பின் தண்ணீர் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அதில்தான் நடக்கிறாள், சமைக்கிறாள். வருகிறவர்கள் வாசலிலேயே கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே வருகிறார்கள்.