நாலாவது கேள்வி

அக்கா நூலகத்துக்குள் வந்ததும் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், "டேய், ஒரு கிளையண்ட்டுக்குக் கட்டுரை தேடணும். யாரோ வாய்க்கு வந்தத எழுதினது வேணாம். ஆராய்ச்சி, ஆதாரத்தோட" என்றாள்.

நான் ஒரு மருத்துவமனையின் நூலகர். அக்கா இரண்டு தெரு தள்ளி, பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேல்மாடியில், மனநல ஆலோசகராக இருக்கிறாள். வழக்கமாக ஃபோனில் கேட்பாள், நான் தேடி அனுப்பிவைப்பேன். அன்று நேரில் வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாள்.

தேடலுக்கு முன் யார் வந்தாலும் நான்கு கேள்விகள் கேட்பேன். யாருக்கு? என்ன செய்தால்? எதோடு ஒப்பிட்டால்? எது மாறவேண்டும்? இவை தெளிவானால் பாதி வேலை முடிந்த மாதிரி. இல்லையென்றால் கணினி உலகத்துக் கட்டுரைகளையெல்லாம் தலையில் கொட்டிவிடும். அதில் நமக்கு வேண்டியது மட்டும் இருக்காது.

"ஆரம்பிச்சிட்டியா உன் வகுப்ப? சரி, கேளு."

"யாருக்கு?"

"பிள்ளையப் பறிகொடுத்த அம்மா. வளந்த பையன்."

நான் விசைப்பலகையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன முறை?"

"காலி நாற்காலி."

ஆலோசனைக்கு வந்தவருக்கு எதிரே ஒரு காலி நாற்காலியைப் போடுவார்கள். இறந்துபோனவர் அதில் உட்கார்ந்திருப்பதாக எண்ணிக்கொண்டு, சொல்லாமல் விட்டதையெல்லாம் அவரிடம் சொல்லவேண்டும். கேட்பதற்கு நாடகம்போல இருக்கும். ஆனால் ஒருவரைப் பற்றிப் பேசுவதும் ஒருவரிடம் பேசுவதும் ஒன்றல்ல என்பாள் அக்கா. 'அவன் நல்லவன்' என்னும்போது வராத அழுகை, 'நீ' என்று தொடங்கியதும் வந்துவிடும். அந்த ஒரு சொல் மாறுவதில்தான் அந்த முறையின் சூட்சுமமே இருக்கிறது.

"எதோட ஒப்பிடணும்?"

"அதப் பண்ணாம இருக்கறதோட."

"எது மாறணும்? துக்கம் குறையறதா, தூக்கம் வர்றதா?"

அக்கா பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள். "அத அப்புறம் சொல்றேன். நீ தேடு" என்று எழுந்துவிட்டாள்.

கிளையண்ட் யார் என்று எனக்குத் தெரியும். முந்தின வாரம் அத்தான் கூப்பிட்டிருந்தார். "உங்கக்கா எல்லாரும் போனப்புறம் அந்த ரூம்ல தனியா உக்காந்து பேசிக்கிட்டிருக்காப்பா. தினமும். பல் டாக்டரே சொல்றாரு. நான் கேட்டா, 'இது தப்புன்னு ஆராய்ச்சி சொல்லட்டும், நிறுத்திடறேன்'கறா. நீதான் தேடறவனாச்சே, எதையாவது தேடிக் குடுப்பா." கொஞ்சம் நிறுத்தி, "வீட்டுக்கு வந்தா எங்கிட்ட ஒரு வார்த்தை கிடையாது. எல்லாத்தையும் அங்கயே பேசித் தீத்துட்டு வந்துடறா" என்றார்.

அக்காவுக்கும் அத்தானுக்கும் ஒரே மகன். எனக்கு மருமகன். வேலைக்குச் சேர்ந்த வருடமே, மழையில் வண்டி சறுக்கிப் போய்விட்டான். வீட்டில் அவனுக்குப் 'புழுக்கம்' என்று பெயர். எங்கே நுழைந்தாலும் "ஸ்ஸ்... என்ன புழுக்கம் மாமா!" என்றபடி ஃபேனைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வான். மற்றவர்களெல்லாம் வேர்த்து வழியவேண்டியதுதான். "பொறந்ததும் இவன் அழல, ஃபேனப் போடுன்னுதான் கத்தினான்" என்பார் அத்தான்.

அன்று மத்தியானமே தேட உட்கார்ந்தேன். தேடலில் இரண்டு சொற்கள் முக்கியம். 'அல்லது' விரிக்கும், 'மற்றும்' சுருக்கும். எழுதியவர் எந்தச் சொல்லைப் போட்டிருப்பார் என்று நமக்குத் தெரியாதல்லவா? அதனால் ஒத்த சொற்களையெல்லாம் 'அல்லது' போட்டுக் கோக்கவேண்டும். மகன் அல்லது மகள் அல்லது பிள்ளை. இறப்பு அல்லது இழப்பு அல்லது பிரிவு. பிறகு அந்தக் கொத்துகளை 'மற்றும்' போட்டு முடிச்சிடவேண்டும். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது. அன்று 'திடீர்' என்பதையும் சேர்க்கவேண்டியிருந்தது. அடுத்து 'விபத்து'. அதைத் தட்டச்சு செய்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

சலித்ததில் ஒரு கைப்பிடி கட்டுரைகள் மிஞ்சின. நல்ல ஆய்வில், யாருக்கு அந்த முறை, யாருக்கு இல்லை என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல முடிவுசெய்வார்கள். தானாகவே தேறக்கூடியவர்கள் எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக. அப்படிச் செய்தவற்றை மட்டும் எடுத்துவைத்துப் படித்தேன். எல்லாவற்றிலும் ஆலோசகர் கூடவே இருந்தார். சில சந்திப்புகள்தான். கடைசிச் சந்திப்பில் நாற்காலியிடம் விடைபெறுவார்கள், பிறகு அதை எடுத்துவிடுவார்கள். தனியாக, தினமும், முடிவே இல்லாமல் பேசியவர்களை அவற்றில் யாரும் ஆராயவில்லை. அது கெடுதல் என்பதற்கும் ஆதாரம் இல்லை, கெடுதல் இல்லை என்பதற்கும் இல்லை. இரண்டு 'இல்லை'க்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்களுக்கு உற்சாகமாக விளக்குகிறவன் நான்.

விடைபெறும் பத்தியை மட்டும் அத்தானுக்காகக் கோடிட்டு, அச்செடுத்துக்கொண்டு, சாயங்காலம் மாடியேறினேன்.

கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அக்காவின் குரல். நான் பயந்த மாதிரி அழுகை இல்லை.

"...இன்னைக்கும் உங்கப்பா சட்டைப் பட்டன மாத்திப் போட்டுக்கிட்டு ஆஃபீஸ் போயிட்டாரு. நான் சொல்லவே இல்ல. நீ இருந்திருந்தா சிரிச்சே காட்டிக் குடுத்திருப்பே..."

கதவைத் தட்டினேன். அக்கா திரும்பினாள். கிளையண்ட் உட்காரும் நாற்காலியில் அவள் இருந்தாள். எதிரே இன்னொன்று.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது. கடைசில விடைபெத்துக்கறாங்க அக்கா. அப்புறம் நாற்காலிய எடுத்துடறாங்க."

"தெரியும்டா. எத்தனை பேருக்கு நானே எடுத்து ஓரமா வெச்சிருக்கேன்."

"அப்புறம் எதுக்கு என்னைத் தேடச் சொன்னே?"

அக்கா புடவைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாலாவது கேள்விக்கு நான் பதில் சொல்லல இல்ல? அந்தக் கட்டுரைகள்ல இருக்கறவங்க எல்லாம் துக்கம் குறையணும்னு வந்தவங்க. குறைஞ்சிடக் கூடாதுன்னு யாராவது வந்திருக்காங்களா? பாத்தியா?"

"அப்படி ஒருத்தரும் இல்லக்கா."

"நல்லாத் தேடினியா?"

"தேடினேன்."

கீழே பல் டாக்டரின் எந்திரம் கொஞ்ச நேரம் இரைந்து நின்றது.

"அத்தான் வீட்டுல தனியா உக்காந்திருக்காரு அக்கா."

"தெரியும்." எதிர் நாற்காலியின் பக்கம் திரும்பினாள். "அவர்கிட்ட பேசினா 'அவன்'னுதான்டா வருது. 'அவன் இருந்தான்', 'அவன் சொல்லுவான்'. இங்க வந்தாத்தான் 'நீ'."

என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அறையில் துளி காற்று இல்லை என்று நினைத்தேன். அக்காவின் நெற்றியிலிருந்து வேர்வை இறங்கி மூக்குக்கண்ணாடியின் விளிம்பில் நின்றது. ஆனால் மேஜை ஃபேன் ஓடும் சத்தம் நான் நுழைந்ததிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. திரும்பிப் பார்த்தேன். முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, முகத்தை அந்தக் காலி நாற்காலியின் பக்கம் திருப்பிக்கொண்டு.

ஓர் எட்டு முன்னே வைத்ததும் கையிலிருந்த தாள்கள் அந்தக் காற்றில் படபடத்தன. அவற்றை மார்போடு சேர்த்துப் பிடித்தபடி, காற்றை மறைக்காமல் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டேன்.